உள்ளுக்கு விடுவினமோ?

பெரியப்பா அன்று அந்தக் கேள்வியை நான்கு தடவை கேட்டார். முதல் தடவை, கூரை போட்ட மரப்பாலத்தின் வாயிலில். இரண்டாவது, தேவாலயக் கதவடியில். மூன்றாவது, ஆற்றுக்கு இறங்கும் படிகளில். நான்காவது தடவை கேட்டபோது ஒரு கோப்பிக் கடைக்கு வெளியே, வெறுமையாகக் கிடந்த கதிரைகளுக்கு முன்னால் நின்றோம்.

"தம்பி, உள்ளுக்கு விடுவினமோ?"

அவருக்கு 74 வயது. தெல்லிப்பழையிலிருந்து மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்திருந்தார். அந்த விசாவுக்காக நான் ஒரு பொறுப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டிருந்தேன். அவரால் சுவிஸ் அரசுக்குச் செலவு ஏதும் நேர்ந்தால் 30,000 பிராங் வரை நான் கட்டுவேன் என்பது அதன் சாரம். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டார்.

நாங்கள் டீட்டிகோனில் இருக்கிறோம். சூரிச்சிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்கும் குறைவான தூரம். ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். உறவினர்கள் வந்தால் லூசேர்ன், இன்ரலாக்கன், பனிமலை என்று கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பெரியப்பாவுக்கு முழங்கால் ஏலாது. அதனால் டீட்டிகோன் ஸ்ரேசனடியிலிருந்தே புறப்படும் சிறிய ரயிலில் பிறெம்கார்ட்டனுக்குப் போனோம். 1902இல் தொடங்கிய பாதை அது. கார்கள் போகும் தெருவோரமாகவே கொஞ்சத் தூரம் ஊர்ந்து, முட்செல்லன் மேட்டில் ஏறி, மறுபக்கம் றொய்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும். சூரிச் மாநிலத்தில் ஏறி ஆர்கௌ மாநிலத்தில் இறங்குகிறோம். நம்முடைய ஆட்களில் பலர் டீட்டிகோனில் இருபது வருடம் இருந்தும் அந்த ரயிலில் ஏறியிருக்க மாட்டார்கள்.

பிறெம்கார்ட்டன் ஆற்றின் வளைவொன்றுக்குள் அடங்கிய பழைய ஊர். மேலூர், கீழூர் என்று இரண்டு பகுதி. கோபுரங்கள், ஒடுங்கிய கல் ஒழுங்கைகள், நீரோசை. அரை நாளில் சுற்றி முடிக்கலாம். பெரியப்பா ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டு வந்தார். முதல் மூன்று தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னேன். நான்காவது தடவை எனக்குச் சினம் வந்துவிட்டது. "இது எல்லாருக்கும் திறந்த ஊர் பெரியப்பா. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். இருங்கோ" என்றேன்.

இருந்தார். கோப்பி வந்தது. நான் சொன்னது முழு உண்மை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

2013 ஓகஸ்டில் இந்த ஊரிலிருந்த இராணுவக் கட்டடமொன்றில் புகலிடக் கோரிக்கையாளருக்கான தற்காலிக முகாம் திறக்கப்பட்டது. அவர்கள் நீச்சற்குளத்துக்கும், பாடசாலை வளாகம், விளையாட்டுத் திடல் போன்ற இடங்களுக்கும் அனுமதியில்லாமல் போகக்கூடாது என்ற ஏற்பாடு அப்போது உலகப் பத்திரிகைகள் வரை செய்தியாயிற்று. மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. பொறுப்பானவர்கள் சொன்ன விளக்கம், இது உரசல்கள் வராமல் சேர்ந்து வாழ்வதற்கான ஒழுங்கு என்பது. எனக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. ஸ்கொட்லாந்தில் முதுகலை முடித்துவிட்டு வந்து, சூரிச்சில் நல்ல வேலையில் இருந்தேன். செய்தியைப் படித்துக் கொதித்தேன். நண்பர்களோடு காரசாரமாகக் கதைத்தேன். அப்பா 1985இல் புகலிடம் கேட்டு இங்கே வந்தவர். ஸ்ரேசனில் இரண்டு தமிழர் நின்று கதைத்தாலே திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆக, நானும் பெரியப்பாவும் அன்று உட்கார்ந்திருந்த ஊர் பார்க்க வந்தவர்களுக்குத் திறந்த ஊர். இருக்க இடம் கேட்டு வந்தவர்களுக்கு அது சில காலம் வேறொரு ஊராக இருந்தது. தோலின் நிறம் ஒன்றாக இருந்திருக்கலாம். வந்த காரணம்தான் வேறு.

இந்த வேறுபாட்டைப் பற்றி முறையாக யோசித்தவர் இம்மானுவேல் கான்ற். 1795இல் வெளியான, நிலையான அமைதி பற்றிய சிறுநூலில் இரண்டு உரிமைகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று வருகையாளரின் உரிமை. இன்னொன்று விருந்தாளியின் உரிமை. ஓரிடத்துக்கு வரும் அந்நியரைப் பகைவராக நடத்தக்கூடாது என்பது முதலாவது. அது எல்லா மனிதருக்கும் உரியது. பூமி உருண்டை. மனிதர் அதில் எல்லையில்லாமல் விலகிப் போய்க்கொண்டிருக்க முடியாது, எங்கேயாவது ஒருவரையொருவர் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்பது அவர் தரும் காரணம். தங்கி வாழும் உரிமைக்குத் தனி உடன்பாடு வேண்டும் என்கிறார். அதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறார்: வந்தவருக்கு அழிவு நேராது என்றால் மட்டுமே அவரைத் திருப்பி அனுப்பலாம். இன்றைய அகதிச் சட்டத்தின் விதை அந்த நிபந்தனையில் இருக்கிறது.

கான்ற் வருகையாளரையும் சும்மா விடவில்லை. ஐரோப்பியர் தூர தேசங்களுக்கு வருகை என்ற பெயரில் போய் அவற்றைப் பிடித்துக்கொண்டதை அதே பக்கங்களில் கண்டிக்கிறார். அந்த நூல் வந்த 1795இல்தான் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள் என்பதை நம்மால் மறக்க முடியாது. சந்தேகப்படுவதற்கு ஊர்க்காரனிடம் சில சமயம் நல்ல காரணமும் இருக்கும்.

இந்த நூலை முதுகலை படிக்கும்போது படித்தேன். அப்போது எனக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வி. பெரியப்பாவோடு பிறெம்கார்ட்டன் போவதற்கு மூன்று வாரம் முன்பு அது என் வீட்டுத் தபாற்பெட்டிக்குள் வந்தது.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடக்கிறது. அதில் அகதிக் குடும்பங்களைத் தற்காலிகமாக இருத்தும் யோசனை இருப்பதாகக் கதை அடிபட்டது. சில நாட்களில் வீட்டு உரிமையாளர்களின் கடிதமொன்று சுற்றுக்கு வந்தது. எங்கள் முற்றத்துக்கும் சிறுவர் விளையாடும் இடத்துக்கும் வேலி போட்டு, குடியிருப்பாளரின் திறப்பால் மட்டும் திறக்கும் கேற் ஒன்று பூட்டவேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. மரியாதையான கடிதம். சத்தம், குப்பை, காப்புறுதி, பிள்ளைகளின் பாதுகாப்பு என்று நான்கு காரணம். அகதி என்ற சொல் அதில் எங்குமே இல்லை. எனக்கு முன் பதினொரு பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம்மவர். நான் பன்னிரண்டாவதாகப் போட்டேன். வாசித்துப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

என் தொழிலைக் காரணம் சொல்லலாம் என்று பிறகு யோசித்தேன். கணினி அமைப்புகளில் யார் எதைத் திறக்கலாம் என்று தீர்மானிப்பது என் வேலையின் பெரும்பகுதி. அங்கே முதல் விதி, எல்லோருக்கும் மறு, தேவை காட்டியவருக்கு மட்டும் திற என்பது. தேவைக்கு மேல் ஒரு கதவைக்கூடத் திறந்து வைக்கக்கூடாது. வங்கிக்கும் மருத்துவக் கோப்புக்கும் அது நல்ல விதி. ஆனால் கணினியில் மறுக்கப்படுவது ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். அதற்கு முகம் வாடாது. விளையாட்டு முற்றத்துக் கேற்றுக்கு வெளியே நிற்கப்போவது ஏழு வயதுப் பிள்ளை. ஊஞ்சலில் ஆடுவதற்கு அந்தப் பிள்ளை என்ன தேவையைக் காட்டும்?

கடிதத்தைப் பற்றிப் பெரியப்பாவிடம் அந்தக் கோப்பிக் கடையில்தான் சொன்னேன். சினந்து கதைத்ததற்குப் பரிகாரமாகச் சொல்லியிருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேற்றடியில ஆர் நிப்பினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை. திறப்புத்தான்."

"அப்ப சுகம். நாங்கள் நிண்டனாங்கள்."

நாம் அதிகம் பேசாத ஒரு கதையை அதன் பிறகு சொன்னார். 1968ஆம் ஆண்டு, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் திருவிழாக் காலம். கோவில் உட்பட பொது இடங்களுக்குள் சாதி காட்டி மறிப்பது குற்றம் என்று 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் உள்ளே போக உரிமை கேட்டு வாசலில் அறப்போர் இருந்தார்கள். முன்னாள் கணிதப் பேராசிரியரும் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் போன்ற படித்த பெரியவர்களே மறித்து நின்றார்கள். பெரியப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது.

"நான் உள்பக்கம் நிண்டனான்" என்றார். "அப்பா நிக்கச் சொன்னவர், நிண்டன். வெளியில என்னோட பள்ளிக்கூடத்தில படிச்ச பொடியன் ஒருத்தன் இருந்தவன். வெய்யில். என்னைப் பாத்தவன். நான் வேற பக்கம் பாத்தன். அடிக்கேல்லை, ஏசேல்லை. சும்மா நிண்டனான்."

1990இல் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. பெரியப்பாவின் வீடும் கோவிலும் இராணுவ வலயத்துக்குள் போயின. இருபது வருடத்துக்கு மேல் தன் சொந்த வளவைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவர் நினைக்க முடிந்தது. உள்ளுக்கு விடுவினமோ என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் பழக்கமாயிற்று. இதை முன்வினை என்று சொல்லும் ஆசை எனக்கு வந்தது. கதவை அடைத்தவர்களுக்குக் கதவு அடைபட்டது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். அதே வலயத்தால் வெளியே தள்ளப்பட்டவர்களில், 1968இல் வாசலில் வெய்யிலில் இருந்தவர்களும் அடக்கம். அவர்கள் என்ன வினை செய்தார்கள்?

நான் கேட்கவேண்டிய கேள்வி வேறு. வெளியே நிறுத்தப்பட்ட அனுபவம் ஒரு மனிதனுக்கு எதையாவது கற்பிக்கிறதா? கற்பிக்கும் என்றுதான் நாம் நம்புகிறோம். "நாங்களும் அகதியாய் வந்தனாங்கள்" என்று மேடைகளில் சொல்லும்போது, அந்த ஒரு வரியே நம்மை நல்லவர்களாக்கிவிடும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. பெரியப்பாவைப் பார்க்கிறேன். என்னைப் பார்க்கிறேன். அப்பாவின் 1985 என் கையை அந்த அரை நிமிடத்தில் தடுக்கவில்லை. ஒருவேளை உந்தியும் இருக்கலாம். கஷ்டப்பட்டு உள்ளே வந்தவனுக்குத்தான் கதவின் அருமை தெரியும். அவன் கையில் திறப்பைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

பிறெம்கார்ட்டனில் பிறந்த ஒருவரின் கதை இதற்கு எதிர்ச்சான்றாக இருக்கிறது. 1504இல் பிறந்த ஹைன்றிக் புல்லிங்கர் அங்கே சீர்திருத்தத் திருச்சபைப் போதகராக இருந்தார். 1531இல் கப்பெல் போரில் சீர்திருத்தத் தரப்பு தோற்றதும், ஊர் பழைய மதத்துக்குத் திரும்பியது. அவர் ஊரை விட்டு ஓடவேண்டியதாயிற்று. சூரிச் அவரை ஏற்று, சில வாரங்களிலேயே ஸ்விங்லி இருந்த இடத்தில் தன் திருச்சபைத் தலைவராக்கியது. 1555இல் மதம் காரணமாக லொக்கார்னோவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் சூரிச் வந்தபோதும், மேரி அரசியின் இங்கிலாந்திலிருந்து தப்பியவர்கள் வந்தபோதும் புல்லிங்கர் அவர்களுக்குத் துணை நின்றார். தான் ஓடியதை அவர் மறக்கவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஓடிவந்த எல்லோரும் அப்படி நடந்திருந்தால் அவரைத் தனியாகச் சொல்லவேண்டி வராது. அனுபவம் அவருக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. அதைப் பயன்படுத்தியது அவருடைய தீர்மானம்.

என் தரப்பில் சொல்லக்கூடிய நியாயங்களையும் ஒளிக்காமல் வைக்கிறேன். கோவில் வாசலில் சாதி பார்த்து மறித்ததும் குடியிருப்புக்கு வேலி போடுவதும் ஒன்றல்ல. முன்னது ஒரு மனிதனைப் பிறப்பால் தாழ்ந்தவன் என்கிறது. பின்னது, இது தனியார் நிலம் என்று மட்டும் சொல்கிறது. எல்லா வேலியும் அநியாயம் என்றால் வீட்டுக்குக் கதவே வைக்கமுடியாது. பிள்ளைகளைப் பற்றிய பயமும் பொய் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். இவ்வளவும் சரி. ஆனால் அந்த முற்றம் பதினாறு வருடமாகத் திறந்து கிடந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து விளையாடினார்கள். பாதசாரிகள் குறுக்கே நடந்தார்கள். அப்போது காப்புறுதி பற்றி எவரும் கடிதம் எழுதவில்லை. ஒரு வேலியின் நியாயத்தைச் சோதிக்க, அது யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு எழுந்ததா என்று கேட்டாலே போதும் என்று எனக்குப் படுகிறது.

வேலி இல்லாமலும் கதவுகளைப் பிரிக்கலாம். பாடனுக்கு வடக்கே எண்டிங்கன், லெங்னவ் என்று இரண்டு கிராமங்கள். முந்திய வருடம் மகளோடு போயிருந்தேன். 1776 முதல் இந்தப் பாடன் கோட்டத்தில் யூதர்கள் அந்த இரண்டு ஊர்களில் மட்டுமே வசிக்கலாம். டீட்டிகோனும் 1798 வரை அதே கோட்டத்தைச் சேர்ந்ததுதான். அங்கே சில வீடுகளுக்கு அருகருகே இரண்டு வாசற்கதவுகள். ஒன்று யூதருக்கு, ஒன்று கிறித்தவருக்கு. யூதரும் கிறித்தவரும் ஒரே வீட்டில் வாழக்கூடாது என்ற விதியைச் சமாளிக்கவே அப்படிக் கட்டினார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1866இல்தான் அவர்களுக்கு நாடெங்கும் குடியேறும் உரிமை கிடைத்தது. இன்று அந்தக் கதவுகள் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் இடம். மகள் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று, "அப்பா, எங்களுக்கு எது?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு விட்டேன். பழைய ஊர்களைப் பார்ப்பதில் உள்ள சுகமே இதுதான். அநியாயம் அங்கே காய்ந்து, கல்லாகி, அழகாகிவிடுகிறது. ஐம்பது வருடம் கழித்து எங்கள் கேற்றையும் யாராவது படமெடுக்கலாம்.

தமிழில் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. புதிதாய் வந்தவர், முன்பின் அறியாதவர்தான் விருந்து. திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். இன்று நாம் விருந்து என்பது மண்டபம் எடுத்து, தெரிந்த முந்நூறு பேரைக் கூப்பிட்டு, பெயர் எழுதிய உறைகளை வாங்கிக்கொள்வது. அந்த முந்நூறு பேரில் புதியவர் ஒருவரும் இல்லை. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று பெருமை பேசும்போது எந்த விருந்தைச் சொல்கிறோம் என்று யோசிக்கலாம்.

ரயிலில் திரும்பும்போது பெரியப்பாவிடம், வெளியே இருந்த அந்தப் பள்ளித் தோழன் பிறகு என்ன ஆனார் என்று கேட்டேன். "தெரியேல்லைத் தம்பி. பிறகு கண்டாலும் ரெண்டு பேரும் கதைக்கேல்லை. 90க்குப் பிறகு ஆர் எங்க எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். முட்செல்லன் மேட்டைத் தாண்டும்வரை அவர் வேறொன்றும் சொல்லவில்லை. டீட்டிகோனில் இறங்கும்போது, "சும்மா நிண்டனான் எண்டு சொன்னன் என்ன? அது சரியில்லை. சும்மா நிக்கிறதெண்டு ஒண்டில்லை" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை வீட்டு நிருவாகத்துக்கு என் கையொப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். ஜெர்மன் எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். ஆனாலும் காரணத்தை எழுத ஒரு மணி நேரமாயிற்று. எதை எழுதினாலும் நான் நல்லவன், மற்றப் பதினொரு பேரும் கெட்டவர்கள் என்பது போல வந்தது. கடைசியில் காரணம் எழுதாமலே அனுப்பினேன். பதிந்துகொண்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. நம்மவர் தொலைபேசியில், "உமக்கென்ன விசரோ, உம்மட பிள்ளையளும் அங்கதானே விளையாடுது?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். உரிமையாளர் கூட்டத்தில் வாக்கெடுப்பு வரும்போது காரணத்தை வாயால் சொல்லவேண்டும். அதில் 1968ஐச் சேர்ப்பதா, 1985ஐ மட்டும் சொல்வதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. 1985ஐச் சொன்னால் என்மேல் இரக்கப்படுவார்கள். 1968ஐச் சொன்னால்தான் நான் ஏன் எழுந்து நிற்கிறேன் என்று விளங்கும்.

பெரியப்பா ஊருக்குப் போய் இரண்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக் கதைப்பார். முழங்கால், மழை, மாமரம் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு வைக்கிற நேரத்தில் ஒன்று கேட்பார்.

"தம்பி, கேற் போட்டாச்சோ?"

"இன்னும் இல்லைப் பெரியப்பா" என்கிறேன்.